திருக்கடையூரில் மணிவிழா முடிந்தபின் கையில் ஐந்து நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

கேள்வி இது: தை மாதக் கடைசியில் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். சிங்கப்பூர், டொராண்டோ, பெங்களூர் என்று பல ஊர்களிலிருந்து இருபத்திரண்டு பேர் கூடுகிறார்கள். பாட்டிக்கு 84 வயது, கடைக்குட்டிக்கு 4. விழா முடிந்தபின் ஐந்து நாள் இருக்கிறது. ஐந்தாம் நாள் இரவு திருச்சியில் விமானம் ஏற வேண்டும். பூர்வீகம் மாயவரத்துக்கு (மயிலாடுதுறை) அடுத்த குத்தாலம் பக்கம். அண்ணன் ஊட்டி, கொடைக்கானல் என்கிறார். அத்தை நவகிரகம் ஒன்பதையும் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்கிறார். டொராண்டோ அண்ணி கனடா நாட்டுக்காரர். என்ன செய்யலாம்?

முதலில் ஊட்டியை மறந்துவிடுங்கள். திருக்கடையூரிலிருந்து ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போவதற்கு ஒரு முழுப் பகல் போய்விடும், வருவதற்கு இன்னொரு பகல். 2024 மே மாதத்திலிருந்து இரண்டு மலைக்கும் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். எண்பத்து நாலு வயதுப் பாட்டியையும் வண்டி திரும்பினால் வாந்தி எடுக்கும் வாண்டுகளையும் கொண்டைஊசி வளைவில் ஏற்றிக்கொண்டு போய், குளிரில் ஒரு நாள் போர்வைக்குள் உட்கார்ந்துவிட்டு வருவதற்கு டொராண்டோவிலிருந்து ஏன் வர வேண்டும்? குளிரை அவர்கள் அங்கேயே பார்க்கிறார்கள்.

தை மாதம் காவிரிக் கடைமடைக்கு நல்ல மாதம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். திருக்கடையூரைச் சுற்றி இரண்டரை மணி நேரத் தூரத்துக்குள் கடல், கோட்டை, அலையாத்திக் காடு, வெளிமான், ஐம்பொன் பட்டறை, சோழர் கோயில் எல்லாம் இருக்கின்றன. தங்குமிடத்தை ஒரே ஒரு முறை மாற்றினால் போதும். முதல் பாதி திருக்கடையூர், அடுத்த பாதி கும்பகோணம். இருபத்திரண்டு பேரின் பெட்டிகளைத் தினமும் கட்டி அவிழ்த்தால் அதிலேயே பாதி நாளும் பாதி பொறுமையும் போய்விடும்.

இன்னொன்று, எல்லோரும் எல்லா இடத்துக்கும் போக வேண்டியதில்லை. காலையில் மூன்று கட்சியாகப் பிரிந்து போய், மதியமோ இரவோ ஒரே பந்தியில் உட்காருங்கள். சொந்தம் கூடுவது பந்தியில்தான். வேனுக்குள் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு எட்டு மணி நேரம் இருந்தால் மூன்றாம் நாள் பழைய சொத்துப் பேச்சு கிளம்பும்.

கோயில் நேரம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மறந்துவிடுவார்கள். இந்தப் பக்கம் பெரும்பாலான கோயில்களில் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த நாலு மணி நேரத்தை எதிர்த்துப் போராடாதீர்கள். சாப்பிட்டு, பாட்டியோடு சேர்ந்து எல்லோரும் ஒரு தூக்கம் போடுங்கள். வேறு நேர மண்டலத்திலிருந்து வந்த பிள்ளைகள் எப்படியும் அந்த நேரம் கண்ணைச் சொருகிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அத்தை விஷயத்துக்கு வருவோம். அவர் கேட்பது நியாயம்தான், ஒரே நாளில் கேட்பதுதான் வம்பு. ஒன்பது கோயிலும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். சனிக்குத் திருநள்ளாறு, கேதுவுக்குக் கீழப்பெரும்பள்ளம், புதனுக்குத் திருவெண்காடு, செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன்கோயில். இந்த நாலும் திருக்கடையூரிலிருந்து எட்டும் தூரம். சூரியனார்கோயில், சுக்கிரனுக்குக் கஞ்சனூர், ராகுவுக்குத் திருநாகேஸ்வரம், குருவுக்கு ஆலங்குடி, இந்த நாலும் கும்பகோணத்தைச் சுற்றி. மிச்சம் சந்திரனுக்குத் திங்களூர். அது திருவையாற்றுப் பக்கம், தஞ்சாவூர் போகும் நாளில் முடித்துக்கொள்ளலாம். ஆக நீங்கள் தங்கும் இரண்டு ஊரும் அத்தையின் கணக்கோடு தானாகவே பொருந்திவிடுகின்றன. அவருக்கும் அவரோடு சேரும் பெரியவர்களுக்கும் ஒரு காரைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரண்டு கோயில், பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடலாம். சனிக்கிழமையில் மட்டும் திருநள்ளாறு வேண்டாம், கூட்டம் நெரியும். ஒரே மூச்சில்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்தால் அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து வார இறுதியில் நவகிரகச் சிறப்புப் பேருந்து விடுகிறது; அதில் ஏற்றிவிடுங்கள், இரவு இறக்கிக்கொள்ளுங்கள்.

வைத்தீஸ்வரன்கோயிலில் இறங்கியதும் நாடி ஜோதிடம் என்று ஆட்கள் சூழ்வார்கள். வெளிநாட்டுச் சட்டையைப் பார்த்தால் இன்னும் இரண்டு பேர் கூடச் சேருவார்கள். கட்டைவிரல் ரேகையைக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். எவ்வளவு ஆகும் என்பதை ஏடு பிரிப்பதற்கு முன்னால் பேசிக்கொள்ளுங்கள்.

விழா நாளன்று எங்கும் போகாதீர்கள். அதிகாலையிலிருந்து ஹோமப் புகையில் உட்கார்ந்து, கலச நீரில் நனைந்து, மாலை மாற்றி, எல்லோர் காலிலும் எல்லோரும் விழுந்து எழுந்தபின் அப்பாவும் அம்மாவும் சாய்வதற்கு ஓர் இடம்தான் தேடுவார்கள்.

முதல் நாள் மாலை தரங்கம்பாடி. திருக்கடையூரிலிருந்து கால் மணி நேரம். எங்கள் மாயவரம் பக்கத்துக்காரர்கள் இதை ஒரு மாலை நேரத்துக் கடற்கரை என்று மட்டும் நினைத்து, சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அது போதாது. மூன்று மணிக்கே போய்விடுங்கள், ஏனென்றால் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகம் ஐந்து மணி வாக்கில் மூடிவிடும். வெள்ளிக்கிழமை விடுமுறை.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க்குக்காரர்களுக்கு இந்தக் கடற்கரையில் வணிகம் செய்ய இடம் கொடுத்தார். அப்போது டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கட்டிய கோட்டைக்கு டேன்ஸ்போர்க் என்று பெயர். வெளியிலிருந்து பார்த்தால் மஞ்சள் பூசிய ஒரு நீளக் கட்டடம், அவ்வளவுதான். உள்ளே போய்க் கீழ்த்தள அறைகளைப் பாருங்கள். வளைந்த கூரை, கெட்டிச் சுவர், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கடல். சரக்கு வைத்த கிடங்கும் சமையலறையும் சிறையும் அங்கேதான். மேல்தளத்தில் கவர்னரும் பாதிரியும் இருந்திருக்கிறார்கள். 1845இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து, 12.5 லட்ச ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். இருநூறு வருடத்துக்கு மேல் டென்மார்க் கொடி பறந்த ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பது டொராண்டோப் பிள்ளைகளுக்கு ராஜராஜனைவிடச் சுலபமாகப் பிடிபடும்.

கோட்டையிலிருந்து ராஜவீதி வழியாக நடந்தே வாருங்கள். பாட்டிகூட நடக்கலாம், சமதரைதான். இந்த வீதியில் ஒரு தேவாலயம் இருக்கிறது, புதிய எருசலேம் தேவாலயம், 1718இல் கட்டியது. அதைக் கட்டிய சீகன்பால்கு அதற்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். 1706 ஜூலையில், இருபத்து நாலு வயதில் வந்து இறங்கிய ஜெர்மன்காரர். வந்த கையோடு தமிழ் கற்றுக்கொண்டு, அச்சுக்கூடம் போட்டு, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1719இல் இறந்தபோது நாற்பதுகூட ஆகவில்லை. இங்கே கூட வரும் வழிகாட்டிகள் சிலர் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமே இங்கேதான் வந்தது என்பார்கள். அது சரியில்லை. அந்தப் பெருமை 1578இல் கொல்லத்தில் போர்த்துக்கீசியர் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ நூலுக்கு. தரங்கம்பாடியின் பெருமைக்கு இந்தப் பொய் தேவையே இல்லை.

கடைசியாகக் கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது பாறாங்கற்களைக் கொட்டி அரண் போட்டிருக்கிறார்கள். அந்தப் பாறைமேல் குழந்தைகளை ஏறவிடாதீர்கள், பாசி வழுக்கும். இந்தக் கடற்கரையில் எங்கேயும் குளிக்க இறங்க வேண்டாம். கால் நனைப்பதோடு சரி. 2004 சுனாமியில் இந்த ஊர் இழந்தது கொஞ்சமல்ல.

பூம்புகாரைப் பலரும் பரிந்துரைப்பார்கள். சிலப்பதிகாரம் படித்தவர்கள் உங்களில் இருந்தால் போகலாம். 1973இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம், காவிரி கடலில் கலக்கும் இடம் என்று ஒன்றரை மணி நேரத்து வேலை. படிக்காதவர்களை அழைத்துப் போனால் ‘எங்கே பட்டினம்?’ என்று கேட்பார்கள், கடலைக் காட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாம் நாள்தான் கட்சி பிரிய வேண்டிய நாள். இளவட்டங்கள் ஆறேழு பேர் இருந்து, காலை நாலரைக்கு எழுப்பினாலும் திட்ட மாட்டார்கள் என்றால் கோடியக்கரைக்கு அனுப்புங்கள். காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம் தாண்டி இரண்டரை மணி நேரம் ஆகும். தை மாதம் அங்கே வலசைப் பறவைகள் இருக்கும் காலம். பூநாரைக் கூட்டத்தை உப்பளப் பக்கத்துச் சேற்றுநீரில் தூரத்திலிருந்து பார்க்கலாம், தொலைநோக்கி கொண்டுபோவது நல்லது. புல்வெளியில் வெளிமான்களைப் பார்க்க அவ்வளவு சிரமப்பட வேண்டாம். கருத்த முதுகும் முறுக்கிய கொம்புமாகக் கிடா ஒன்று நின்று பார்த்துவிட்டு, பிறகு ஒரே துள்ளலில் போகும். திரும்பும்போது 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய வேதாரண்யம் அகஸ்தியம்பள்ளியில் நினைவுத்தூணைப் பார்த்துவிட்டு, வேளாங்கண்ணியும் நாகூர் தர்காவும் முடித்துக்கொண்டு இரவு சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். நாகூரின் பெரிய மினாரா 131 அடி. கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்.

மற்றவர்களுக்குச் சிதம்பரமும் பிச்சாவரமும். ஒன்றரை மணி நேரப் பயணம். பெரியவர்கள் வண்டி நேரே கோயிலுக்குப் போகட்டும், நடராசரை நடை சாத்துவதற்கு முன் நிதானமாகப் பார்க்கட்டும். பிள்ளைகள் வண்டி பிச்சாவரத்துக்கு. எட்டு மணிக்கெல்லாம் படகுத்துறையில் இருக்கும்படி கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் வரிசையும் சேர்ந்து வரும். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு கேளுங்கள். மோட்டார் படகு அகலமான நீர்ப்பரப்பில் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். துடுப்புப் படகுதான் சந்து மாதிரி ஒடுங்கிய கால்வாய்களுக்குள் நுழையும். அங்கே இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் வளைந்து தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும். படகுக்காரர் ‘தலையைக் குனிங்க’ என்று சொல்லிக்கொண்டே துடுப்பை வேரில் ஊன்றித் தள்ளுவார். தண்ணீர் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. காட்டுக்குள் தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான மரம் இதுதான், இன்று அதைப் பார்க்க இங்கேதான் வர வேண்டியிருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, எனவே இலையைக் கிள்ளாதே என்று வாண்டுகளிடம் படகில் ஏறும் முன்பே சொல்லிவையுங்கள். உயிர்காப்புச் சட்டையைக் கட்டாயம் போட்டுவிடுங்கள்.

மதியம் இரண்டு கூட்டமும் சிதம்பரத்தில் சேர்ந்து சாப்பிடலாம். பிச்சாவரம் போனவர்களில் கோபுரம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மாலை நடை திறக்கும்வரை இருந்து, வாயிலின் உட்சுவர்களில் நாட்டியக் கரணச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வரட்டும். பரதம் படிக்கும் சிங்கப்பூர்ப் பெண் யாராவது இருந்தால் அவளுக்கு இது ஒன்றே போதும்.

மூன்றாம் நாள் குத்தாலம். யாரும் எழுதித் தர முடியாத நாள் இதுதான், ஆனால் ஐந்து நாளில் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். காலையில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வையுங்கள். பூசாரிக்கு முன்கூட்டியே ஆள் விட்டுச் சொல்ல வேண்டும். தினமும் நடை திறக்கும் கோயிலாக அது இருக்காது. விறகு, பானை, இலை எல்லாம் மாயவரத்திலேயே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். அப்புறம் பழைய வீட்டுத் தெரு. வீடு கைமாறியிருந்தால் இருபத்திரண்டு பேரும் திடுதிப்பென்று வாசலில் போய் நிற்காதீர்கள். முந்தின நாளே ஒருவர் போய்ப் பேசிவிட்டு வரட்டும், போகும்போது பழமும் இனிப்பும் கையில் இருக்கட்டும். பெரும்பாலும் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்துத்தான் அனுப்புவார்கள். பாட்டியைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, யாராவது ஒருவர் போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். எந்த அறையில் யார் பிறந்தார்கள், ஆற்றுக்கு எந்தச் சந்து வழியாகப் போனார்கள், யார் யாரோடு பேச்சு நின்றது என்று வரிசையாக வரும். கேள்வி கேட்பது பேரப்பிள்ளைகளாக இருந்தால் இன்னும் நன்றாக வரும்; மகன் கேட்டால் ‘உனக்குத் தெரியாததா’ என்று முடித்துவிடுவார்.

வழியில் அறுவடை இயந்திரம் ஓடும் வயல் கிடைத்தால் வண்டியை நிறுத்துங்கள், பிள்ளைகள் வைக்கோலில் கொஞ்சம் புரளட்டும். மாலையில் நேரம் இருந்தால் கோனேரிராஜபுரம் போய்விட்டுக் கும்பகோணம் சேருங்கள். செம்பியன் மாதேவியார் தம் கணவர் கண்டராதித்தர் பெயரில் கற்றளியாக, அதாவது முழுக் கல்கோயிலாக, எடுத்த கோயில். உள்ளே ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய நடராசர் ஐம்பொன் திருமேனி இருக்கிறது. கூட்டமே இராது. குருக்கள் தீபத்தை உயர்த்திப் பிடித்து, நகம், மச்சம், உடம்பில் முடி இருக்கும் இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். இதைப் பார்த்த கண்ணோடு மறுநாள் சுவாமிமலைக்குப் போவதுதான் சரியான வரிசை.

நாலாம் நாள் காலை சுவாமிமலை. முருகன் கோயிலில் ஏறும் அறுபது படியும் பிரபவ முதல் அட்சய வரையான அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிப்பவை என்பார்கள். அறுபது முடித்த அப்பாவை இதைவிடப் பொருத்தமான ஓர் இடத்தில் நிற்கவைத்துப் படம் எடுக்க முடியாது. அவர் பிறந்த ஆண்டுக்குரிய படியை எண்ணிக் கண்டுபிடித்து அதில் உட்காரவையுங்கள்.

கீழே இறங்கியதும் சிற்பப் பட்டறை. ஊரில் பல வீடுகளில் உண்டு. ஐம்பொன் சிலை வாங்கத்தான் போக வேண்டும் என்பதில்லை, பார்க்க வந்தோம் என்று சொன்னால் காட்டுவார்கள். முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகில் உருவத்தைச் செய்கிறார்கள். அளவு எடுக்க ஸ்கேல் கிடையாது. தென்னையோலையை நறுக்கி, சிலையின் உயரத்துக்கு வைத்து, மடித்து மடித்து முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று பிரிக்கிறார்கள். பிறகு மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டல் மண்ணைக் குழைத்துப் பூசுவார்கள். முதல் பூச்சு மாவு போல மெல்லியது, மெழுகில் கீறிய ஒவ்வொரு மயிரிழைக் கோட்டையும் அதுதான் பிடித்துக்கொள்ளும். அது காய்ந்தபின் கெட்டியான பூச்சுகள், கம்பிக் கட்டு. சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண்ணை உடைத்து எடுத்து, உளியும் அரமும் கொண்டு நாள்கணக்கில் செதுக்க வேண்டும். ஒரு அச்சில் ஒரு சிலைதான் வரும். ஊற்றும் நாள் எது என்று முன்கூட்டியே கேட்டுப் போனால் உங்கள் அதிர்ஷ்டம். சிலை வாங்குவதாக இருந்தால் விமானத்துக்கு முன் ஒரு விஷயம்: அது புதிதாகச் செய்தது, தொல்பொருள் இல்லை என்பதற்கான சான்றையும் ரசீதையும் பட்டறையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

பட்டுப்புடவைக் கூட்டத்துக்குத் திருபுவனம், குத்துவிளக்குக் கூட்டத்துக்கு நாச்சியார்கோயில். இரண்டுமே கும்பகோணத்தின் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆண்கள் இதில் கலந்துகொள்ளாமல் அறையில் தூங்குவதே குடும்ப ஒற்றுமைக்கு நல்லது.

மாலை தாராசுரம். இரண்டாம் இராசராசன் காலத்துக் கோயில், தஞ்சாவூர் அளவுக்குப் பெரியதில்லை. ஆனால் பிள்ளைகளோடு போக மூன்று சோழர் கோயில்களில் இதுதான் முதல். குதிரை இழுக்கும் தேராகவே மண்டபம் செய்திருக்கிறார்கள். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி, ஒரு சாண் உயரம்கூட இல்லாத சிற்பங்களில் நாயன்மார் கதைகள் ஓடுகின்றன. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் திரும்ப வரவழைத்த கதையைச் சொல்லிவிட்டு, அது எங்கே இருக்கிறது கண்டுபிடி என்று விட்டுவிடுங்கள், அரை மணி நேரம் சத்தமே வராது. ஒரே தலையை யானையும் காளையும் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. கங்கைகொண்ட சோழபுரம் கும்பகோணத்திலிருந்து ஒரு மணி நேரம். கட்டடக் கலையில் ஆசை உள்ளவர்கள் காலையில் சுவாமிமலைக்குப் பதிலாக அங்கே போய் வரலாம். எல்லோரையும் இழுக்க வேண்டாம்.

கும்பகோணம் டிகிரி காப்பி என்று நெடுஞ்சாலை முழுக்கப் பலகை பார்த்திருப்பீர்கள். ஊருக்குள் கிடைக்கும் காப்பிக்கும் அந்தப் பலகைகளுக்கும் சம்பந்தம் இல்லை. பித்தளை டவராவைப் பார்த்து ஏமாறாமல், உள்ளூர்க்காரர்கள் நின்று குடிக்கும் கடையாகப் பார்த்து நுழையுங்கள்.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணிக்குப் பெட்டியெல்லாம் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர். அத்தை கார் மட்டும் முன்பே கிளம்பித் திங்களூர் முடித்துக்கொண்டு வரட்டும். தியாகராஜ ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில் வருகிறது, பெரும்பாலும் ஜனவரிதான். உங்கள் தேதியோடு ஒட்டி வந்தால் திருவையாறும் அந்தப் பக்கமே. பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரில் எல்லோரும் பெரிய கோயிலுக்கு ஓடுவார்கள். காலையில் நீங்கள் அரண்மனைக்குப் போங்கள். அங்கே கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் இருக்கிறார், 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி. பாம்புகளைத் தலைப்பாகை போல் சுற்றிக்கொண்டு, காளையின்மேல் கையைப் போட்டுச் சாய்ந்து நிற்கிறார். காளை இப்போது இல்லை. இல்லாத காளையின்மேல் அந்தக் கை அப்படியே நிற்கிறது. அத்தையோடு திருவெண்காடு போனவர்களும் சுவாமிமலையில் மெழுகைத் தொட்டுப் பார்த்தவர்களும் இதன் எதிரே நின்றால் ஐந்து நாளும் கோத்துக்கொள்ளும். அப்புறம் சாப்பாடு, ஒரு விடுதியில் பகலுக்கு மட்டும் இரண்டு மூன்று அறை. நாலரை மணிக்குப் பெரிய கோயில். மாலை வெயிலில் கல் பொன்னாக மாறும் நேரம் அதுதான். தளமும் கால் சுடாது. 1010இல் முடித்த கோயில், விமானம் ஏறக்குறைய 216 அடி. நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால், அந்த நேரத்தில் தரையில் நீளமாக விழுந்து கிடக்கும் நிழலையே காட்டலாம். அங்கிருந்து திருச்சி விமான நிலையம் ஒன்றேகால் மணி நேரத்துக்குள்.

டொராண்டோ அண்ணி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சில கோயில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை இருக்கும். மணிவிழா நடத்தும் குருக்களிடம் இதை முன்பே பேசிவிடுங்கள். அன்று காலை வாசலில் வைத்துப் பேசும் விஷயம் இல்லை இது. தாராசுரத்திலும் தஞ்சைப் பெரிய கோயிலிலும் சிற்பங்களையும் பிராகாரத்தையும் தாராளமாகச் சுற்றிப் பார்க்கலாம், நுழைவுக் கட்டணமும் இல்லை. கல்தரையில் வெறுங்காலோடு நடக்கப் பழகாதவர்களுக்குப் பழைய காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எல்லோருடைய விவரத்தையும் தங்குமிடங்கள் அரசுக்குப் பதிவு செய்தாக வேண்டும். பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டையின் நகல்களை ஆளுக்கு இரண்டு எடுத்து ஒரே உறையில் போட்டு ஒருவர் பொறுப்பில் விடுங்கள். இரவு பத்து மணிக்கு வரவேற்பறையில் இருபத்திரண்டு பேர் பை துழாவுவதைத் தவிர்க்கலாம். சின்னக் கடையில்கூட இப்போது யுபிஐ ஸ்கேன்தான். அது இல்லாதவர்களுக்கு நூறும் ஐம்பதுமாகச் சில்லறை மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

வண்டி, ஒரு டெம்போ டிராவலரும் இரண்டு காரும். பெரிய பேருந்து வேண்டவே வேண்டாம், குத்தாலத்துத் தெருவுக்குள் திரும்பாது. பேசும்போது நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் கணக்கு, ஓட்டுநர் பேட்டா, அவர் தங்கும் இடம், சுங்கம், இதையெல்லாம் எழுதி வாங்குங்கள். திருநள்ளாறும் காரைக்காலும் புதுச்சேரி யூனியன் பிரதேசம். அதற்கான பெர்மிட் வாடகைக்குள் அடக்கமா என்று தனியாகக் கேளுங்கள். காரைக்காலில் மது மலிவு என்று மாப்பிள்ளைகளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். எல்லையில் சோதனைச் சாவடி இருக்கிறது என்பதையும் ஞாபகப்படுத்திவிடுங்கள், மாட்டினால் வண்டியும் சேர்ந்து நிற்கும்.

கடைசியாகக் கழிப்பறை. யாரும் இதைப் பற்றி எழுத மாட்டார்கள், ஆனால் பாட்டியும் நாலு வயதுப் பிள்ளையும் உள்ள கூட்டத்துக்கு வழித்தடமே இதை வைத்துத்தான். தரங்கம்பாடி, பூம்புகார், கோனேரிராஜபுரம் பக்கம் நல்ல கழிப்பறை கிடைப்பது கஷ்டம். கிளம்பும்போது அறையிலேயே முடித்துவிட்டு, சீர்காழி, மாயவரம், கும்பகோணம் போன்ற ஊர்களில் பெரிய சைவ உணவகம் எதிலாவது நிறுத்தி, காப்பி சொல்லிவிட்டுப் பயன்படுத்திக்கொள்வதுதான் நடைமுறை.